பிரசவ நாளில் மாற்று ஆட்டக்காரன்

லைல்,

ஐஸ் வாங்கப் போகிறவன் போனை மேஜையிலேயே விட்டுவிட்டா போவாய்? அதனால்தான் இந்தச் சீட்டு. எனக்கு வலி எடுத்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். சாசேஜ் பியரில் வெந்துவிட்டது, அடுப்பை அணைத்துவிட்டேன்.

போனில், நிஜ ஆட்டக்காரர்களைப் பொறுக்கி நண்பர்களோடு பந்தயம் கட்டும் உன் கற்பனை ஃபுட்பால் அணி திறந்தே கிடக்கிறது. யாரை இறக்குவதென்று இன்னுமா முடிவெடுக்கவில்லை? உன் நட்சத்திர ஓட்டக்காரன் ப்ராக்ஸ்டனின் மனைவிக்கும் இன்று பிரசவமாம். "டாக்டர் பாத்துக்க மாட்டாரா? இவன் அங்க போயி என்னத்தக் கிழிக்கப் போறான்?" என்று நேற்று என் நிறைமாத வயிற்றைப் பார்த்துக்கொண்டே கத்தினாய்.

அவன் ஆட வரமாட்டான். அவன் நல்ல புருஷன். பேசாமல் மாற்று ஆள் டிலேனியை இறக்கு. இன்றும் தோற்றால் உனக்குத்தான் கடைசி இடம்; பந்தயப்படி உன் கூட்டாளிகள் உனக்குக் கோழி வேஷம் போட்டு மளிகைக் கடை வாசலில் நிறுத்துவார்கள். குழந்தையின் முதல் போட்டோவில் அப்பா கோழியாக இருக்கக் கூடாது.

கிரெட்சன்

பி.கு.: நானும் மாற்று ஆளை இறக்கிவிட்டேன். பக்கத்து வீட்டு டுவேன்தான் காரோட்டுகிறார். "மூச்ச நல்லா இழுத்து விடும்மா" என்று இப்போதே வாசலிலிருந்து கத்துகிறார். நன்றாகத்தான் ஆடுகிறார்.

இன்னொன்று: உன் இடம் உனக்கு வேண்டுமென்றால் சீக்கிரம் வா. கோழி வேஷத்தில் வந்தாலும் சரி.