அந்தச் சாவி என்னாச்சு?

என் செல்லக் குட்டிக்கு,

நாங்கள் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். அப்பாவுக்கு உன்மேல் கோபம், ஆனால் கோபத்தில் இரண்டு மடங்கு சாப்பிடுகிறார், அதனால் கவலைப்படாதே. வங்கி வேலையை விட்டுவிட்டு நாடகக் குழுவில் மேடைக்கு விளக்குப் போடப் போகலாமா, வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும், பயமாயிருக்கிறது என்று எழுதியிருந்தாய். போதாக்குறைக்குப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்த அந்தக் கவிதையையும் எழுதி அனுப்பியிருந்தாய். கையில் சாவியோடு ஒருத்தி இரண்டு கதவுக்கு முன்னால் நிற்கிறாள், ஒன்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறாள், மற்றது காற்றில் சாத்திக்கொள்கிறது. ஒன்றைத் திறந்தால் இன்னொன்று போச்சு என்றுதானே நீ ராத்திரியெல்லாம் அழுதாய்?

அடியே, கேள்! இன்று நம் சலூனில் முடி வெட்டிக்கொண்டே அந்தக் கவிதையை எல்லோருக்கும் சொன்னேன். நாற்காலியில் இருந்த டீச்சர், எடுத்த முடிவுல உறுதியா நிக்கணும், அதான் அர்த்தம் என்றார். தலை நிறைய டையோடு உட்கார்ந்திருந்த உன் அத்தை, அது கிடக்கட்டும் அண்ணி, அந்தச் சாவி என்னாச்சு என்றாளே பார்க்கணும்! தூக்கிவாரிப் போட்டது எனக்கு. கவிதையில் அவள் கதவைத் தள்ளித்தானே திறந்தாள், சாவியைத் தொடவே இல்லையே! அது இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது! நான் துள்ளின துள்ளலில் டீச்சரின் நெற்றி முடி நறுக்கென்று போய்விட்டது, பாவம், அழாத குறை. இருந்தும் விடவில்லை, அது எந்தக் கதவோட சாவின்னு யாருக்குத் தெரியும் என்று வாசல் வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே போனார். போகட்டும். எனக்குத் தெரியும். அது சாத்தின கதவின் சாவிதான்.

அதனால் நீ போ, குட்டி. பிடித்தால் இரு, பிடிக்காவிட்டால் திரும்பி வா, ஏன் வந்தாய் என்று இந்த வீட்டில் ஒருத்தரும் கேட்கமாட்டோம். உன்னை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது, சொல்லிவிட்டேன். இதையெல்லாம் அப்பாவிடமும் மூச்சுவிடாமல் சொன்னேன். சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர், அந்த விளக்கெல்லாம் உசரத்துல இருக்குமே, ஏணியை யார் பிடிச்சுப்பாங்களாம் என்று கேட்டார்.

நீ நூறு வயது நன்றாக இருக்கவேண்டும். ஏணி விஷயத்துக்கு மறக்காமல் உடனே பதில் போடு, மனுஷன் தூங்கமாட்டார்.

முத்தங்களுடன்,
உன் அம்மா