தையல்காரம்மா வீட்டுக் கூடம்

என் கண்ணுக்கு,

போனில் நீ அழுதுகொண்டே இருந்ததால் எதையும் சொல்ல முடியவில்லை. அப்பாவின் கட்டிலை இன்னும் மடக்கி வைக்கவில்லை. அதைப் பற்றி இப்போது கேட்காதே.

வெயில் ஏற ஏற எல்லா வீட்டு ஏசியும் ஓடி, நம் கட்டடத்தில் அடிக்கடி கரண்ட் போனது. போனால் அப்பாவின் ஆக்சிஜன் மெஷினும் நின்றுவிடும். மேல்மாடித் தையல்காரம்மாதான் வீடு வீடாகப் போய்ப் பேசினாள். அன்றிலிருந்து மதியமானால் எல்லோரும் ஏசியை அணைத்துவிட்டு அவள் வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தார்கள். அந்த ஒரு ஏசி மட்டும் ஓடியது.

"பத்து வீட்டுல ஏசிய நிறுத்திட்டா உலகம் குளுந்துடுமாம்மா?" என்று நீ கேட்டாயே, அதை அப்பாவிடம் சொன்னேன். மூச்சிரைக்கச் சிரித்தார்.

"உலகத்த விடு. என் மெஷின் ஓடுதுன்னு நம்ம பொண்ணுகிட்ட சொல்லு."

கடைசிவரை அது ஓடியது. அவர் நெஞ்சுதான் தாங்கவில்லை.

இனி அவரவர் வீட்டில் ஏசியைப் போட்டுக்கொள்வார்கள் என்று நினைத்தேன். நானும் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். நேற்று மதியம் தையல்காரம்மா வந்து கதவைத் தட்டினாள்.

"வாங்கக்கா, எல்லாரும் வந்தாச்சு."

"இனிமே எதுக்கும்மா? அவர்தான் இல்லையே."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "கீழ்வீட்டுல பச்சக் குழந்தை இருக்குக்கா. கரண்ட் போனா அது தாங்காது."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் உள்ளே போய் ஏசியை அணைத்துவிட்டு, அவளோடு படியேறினேன்.

உன்
அம்மா