என் குரலில் நீ கொடுத்த வாக்கு

பாமன்கடை,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அருந்ததி,

நீ நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும் என்று இறைவனிடம் கேட்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி என் கோபம். சுகம் விசாரித்துக்கொண்டே போனால் கோபம் ஆறிவிடும், ஆறிவிட்டால் இந்தக் கடிதத்தை எழுதவே மாட்டேன்.

முறைப்பாடு முடியும்வரை உனக்குத் தனியாக மின்னஞ்சல் அனுப்பக் கூடாது, வட்சப்பிலும் எழுதக் கூடாது என்று சொல்லியிருந்தாய். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். இதை நீ உன் கோப்பில் போட்டாலும் எனக்குச் சம்மதம்தான், ஒளிக்க ஒன்றுமில்லை. வெள்ளவத்தை மார்க்கெட்டில் உன் அம்மாவைக் கண்டேன். உன் தம்பி ராகுலன் வியாழக்கிழமை ஜெனீவாவுக்குப் புறப்படுகிறான் என்று சொன்னார். உனக்கு அனுப்ப மிளகாய்த்தூள் வறுத்து இடித்து வைத்திருக்கிறாராம். அந்தப் பொதியோடு இந்த உறையும் வரும். காரம் இரண்டிலும் இருக்கும்.

ஜெனீவாத் தலைமையகத்தில் முறைப்பாடுகளை விசாரிக்கும் நீ, புளோறன்ஸை ஒரு முறைப்பாட்டு இலக்கமாகத்தான் அறிவாய். எங்கள் கொழும்பு அலுவலகத்தில் ஆறு வருடம் கூட்டித் துடைத்து, எல்லாருக்கும் தேநீர் ஊற்றியவள். கொட்டாஞ்சேனையில் ஒரு வளவுக்குள் இரண்டு அறை வீடு. கணவன் இல்லை, எட்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளை எங்களுக்கு அனுப்பியது ஒரு மேன்பவர் கம்பனி. நாங்கள் அணிந்திருக்கும் அடையாள அட்டை நீலம், அவளுடையது சாம்பல். அந்த நிற வித்தியாசம் இவ்வளவு பெரியது என்று எனக்கு இந்த வருடம்தான் தெரிந்தது.

ஒன்றரை வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பணிப்பாளரின் வீட்டு விருந்துகளுக்குச் சமைத்தவளும் அவள்தான். காலை ஆறு மணிக்கு அலுவலக வாகனம் கொட்டாஞ்சேனைக்குப் போய் அவளை ஏற்றிக்கொண்டு வரும். கேட்டால், அவள் விரும்பி வருகிறாள் என்பார்கள். வரமாட்டேன் என்றால் திங்கட்கிழமை கம்பனிக்கு ஒரு போன் போகும் என்று தெரிந்த ஒருத்தி வருவதற்குப் பெயர் விருப்பமா? எந்த ஊர் நியாயம் இது?

அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மே மாதம், ஜெனீவாவிலிருந்து வந்திருந்த நீயும் அந்த மேசையில் இருந்தாய். உன் பக்கத்தில் நான் இருந்தேன். மஞ்சள் சோறு, இறால் கறி, கட்லட். கத்தரிக்காய் மோஜுவை நீ இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டாய். சமைத்த கைக்குத் தங்க வளையல் போட வேண்டும் என்றாய். பணிப்பாளரின் மனைவி, எல்லாம் எங்கள் புளோறன்ஸ்தான், எங்கள் குடும்பத்தில் ஒருத்தி மாதிரி என்று சொல்லி அவளைக் கூப்பிட்டார். அவள் கதவடியில் வந்து நின்று சிரித்துவிட்டு உள்ளே போனாள். நீயும் சிரித்தாய். குடும்பத்தில் ஒருத்தி என்றால் அவளுக்கு ஏன் ஒரு நாற்காலி இல்லை என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்காக, யாரும் சொல்லாமலே, ஹலால் கோழி வாங்கித் தனிச் சட்டியில் சமைத்து என் முன்னால் கொண்டுவந்து வைத்தவள் அவள். நான் அதைச் சாப்பிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அதற்கு இரண்டு கிழமை முன்னர் புளோறன்ஸ் என்னிடம் வந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு முதல் நன்மை, பணிப்பாளரிடம் கொஞ்சம் சொல்லுங்கள் மிஸ் என்றாள். நான் முஸ்லிம் வீட்டில் பிறந்தவள். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் கோயில் மணியை ஆயிரம் தரம் கேட்டிருக்கிறேனே தவிர, உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டறியவில்லை. எங்கள் ஜும்ஆ மாதிரி கிழமைக்குக் கிழமை வருவது என்று நினைத்து, வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறது, அடுத்த கிழமை பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று சொல்லிவிட்டேன். அவள் சரி மிஸ் என்று போய்விட்டாள். அது பிள்ளை முதல்முதலாக நற்கருணை வாங்கும் நாள், வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் வருவது என்று அவள் எனக்கு விளக்கவும் இல்லை. பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளை வெள்ளைச் சட்டையோடு கோயிலுக்குப் போன நேரம், தாய் நமக்குக் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை நீ கூட்டம் நடத்தினாய். நன்றாகப் பேசினாய், அதை மறுக்கமாட்டேன். சாரதிகளுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் ஆங்கிலம் விளங்காது என்று என்னை மொழிபெயர்க்கச் சொன்னாய். அநியாயத்தைக் கண்டால் பேசுங்கள், உங்கள் பெயர் என்னைத் தாண்டிப் போகாது, பேசியதற்காக ஒருவருக்கும் ஒரு கெடுதியும் வர விடமாட்டேன். இது நீ சொன்னது. ஆனால் புளோறன்ஸ் இதை உன் வாயிலிருந்து கேட்கவில்லை அருந்ததி, என் வாயிலிருந்துதான் கேட்டாள். கூட்டம் முடிந்து கோப்பைகளைக் கழுவிக்கொண்டே, "மிஸ், பேர் வெளியில போகாதுன்னு சொன்னீங்களே, நெசந்தானா?" என்று கேட்டாள். சொன்னாங்களே என்று கேட்கவில்லை, சொன்னீங்களே என்றுதான் கேட்டாள். ஓம், நிஜம், அவவை எனக்குப் பதினொரு வயதிலிருந்து தெரியும் என்று சொன்னேன்.

அப்போதும் அவள் தயங்கினாள். "அந்த மிஸ்ஸும் அங்கதானே சாப்பிட்டாங்க" என்றாள். அவவுக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்திருந்தால் எழுந்து போயிருப்பா என்று உனக்காக நான் வாதாடினேன். இரண்டு பின்னேரம் அவளோடு இருந்து முறைப்பாட்டுப் படிவத்தை நிரப்பினேன். கடைசியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனையை மூடி என்னிடம் தந்தாள்.

ஆறு கிழமைக்குப் பிறகு உன் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அதை அவளுக்குத் தமிழில் வாசித்துக் காட்டியதும் நான்தான். முறைப்பாட்டாளர் எமது ஊழியர் அல்லர், ஆகையால் இது எமது அதிகாரத்துக்குள் வராது. எனினும் நல்லெண்ண அடிப்படையில் விடயம் நாட்டுப் பணிப்பாளரின் கவனத்துக்கு முறைசாரா வகையில் கொண்டுவரப்பட்டது. உதவி விருப்பத்தின் பேரில் வழங்கப்பட்டது என அவர் தெளிவுபடுத்தினார்.

நல்லெண்ணம்! யாருடைய பெயர் உன்னைத் தாண்டிப் போகாது என்றாயோ, அந்தப் பெயரை யாருக்குத் தெரியக் கூடாதோ அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அதற்கு நல்லெண்ணம் என்று பெயர் வைத்தாயா? மூன்றாம் நாள் காலை காவலாளி படலையிலேயே அவளுடைய சாம்பல் அட்டையை வாங்கிக்கொண்டான். கம்பனியிடம் கேட்டால், உங்கள் அலுவலகம் வேறு ஆள் கேட்டது, அவளுக்கு இப்போதைக்கு வேறு இடம் இல்லை என்கிறார்கள். ஆறு வருடம் வேலை செய்த இடத்தில் செருப்பை எடுக்கக்கூட அவளை உள்ளே விடவில்லை. சாரதி கிளறன்ஸ் அதை ஒரு பையில் போட்டுக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

பள்ளிக்கூடத்தில் நீ மொனிட்டர். டீச்சர் வெளியே போனால், பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவாய். என் பெயரைப் பக்கத்தில் மூன்று புள்ளடியோடு எழுதுவாய், பிறகு இடைவேளையில் என்னோடு வந்திருந்து சாப்பிடுவாய். அதற்காக நான் ஒருநாளும் உன்னோடு கோபித்ததில்லை. உன்னிடம் ஓரவஞ்சனை இருந்ததில்லை. அந்த அருந்ததி எங்கே போனாள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

பேசாமல் இரு என்று என் கணவர் புவாத் சொல்கிறார். மகள் நுஹா இந்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுதுகிறாள், என் ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது, அவருடைய பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால், "அந்த மனிசன்ட வீட்டுச் சோத்தத் தின்டுட்டு அவரையே காட்டிக் குடுக்கிறதா? உப்பிட்டவரை உள்ளளவும் நினை எண்டு சும்மாவா சொன்னாங்க?" என்று அவர் கேட்டபோது எனக்குப் பொறுக்கவில்லை. அந்தச் சாப்பாட்டுக்கு உப்புப் போட்டது யார் என்று திருப்பிக் கேட்டேன். அவர் எழும்பிப் போய் எனக்கும் சேர்த்துத் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தார்.

மீளாய்வு கேட்க இந்த மாத முடிவு வரைக்கும் நேரம் இருக்கிறது. புளோறன்ஸ் ஊழியர் இல்லாததால் அவளால் கேட்க முடியாது, ஊழியர் ஒருவர் கேட்கலாம். நேற்று நான் கேட்டுவிட்டேன், என் பெயரிலேயே. அவளுக்கு லீவு வாங்கித் தராமல் விட்டதையும், அந்த மேசையில் சாப்பிட்டதையும் மறைக்காமல் எழுதினேன். கிளறன்ஸும் வருகிறான். வாகனம் போய் வந்த இடங்களைப் பதியும் ரன்னிங் சாட்டில் அத்தனை ஞாயிற்றுக்கிழமைக்கும் களப் பயணம் என்று எழுதியவன் அவன். "எழுதச் சொன்னாங்க, எழுதினேன் மிஸ். கேட்டா உண்மையச் சொல்லுவேன்" என்றான். ஒரு சாரதியும் ஒரு எழுதுவினைஞரும். எங்களைப் பொய்யர் என்று தள்ளிவிட எவ்வளவு நேரம் பிடிக்கும்?

ஆகவே உன்னிடம் கேட்கிறேன். தீர்ப்பு வேண்டாம். இந்த முறைப்பாட்டிலிருந்து விலகிக்கொள். விலகி, சாட்சியாக வா. மே மாதம் இத்தனையாம் திகதி இந்த வீட்டில் சாப்பிட்டேன், சமைத்தவளைக் கண்டேன், பிறகு அவள் பெயரைப் பணிப்பாளரிடம் சொன்னவளும் நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போடு. உன் சொல்லை அவர்களால் தள்ள முடியாது.

இதனால் உனக்கு என்ன வரும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உன் வருகை அறிக்கையைத் தட்டச்சு செய்தவள் நான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே ஓய்வு என்றுதான் நீ எழுதித் தந்தாய். விருந்து என்று இருக்கவில்லை. அதை இனித் திருத்தினால் முதலில் கேள்வி கேட்கப்படுவது நீதான். பதவிகூடப் போகலாம். உன்னை அந்த இடத்தில் நிறுத்த எனக்கு மனம் வலிக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். புளோறன்ஸிடம் கையெழுத்து வாங்கியபோது அவளுக்கும் இழக்க ஒரு வேலை இருந்தது, நாம் இரண்டு பேரும் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் மகளையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வருகிறாள். இப்போதுதான் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே. உன்னிடமிருந்து என்ன பதில் வந்தது என்று கேட்பாள், நான் சொல்வதை நம்புவாள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அதற்கு முன்னர் உன் அம்மாவின் போனுக்கு இரண்டு வரி எழுதி அனுப்பு. நீ என்ன எழுதினாலும் அதை அப்படியே அவளுக்குச் சொல்வேன், ஒரு சொல்லையும் மெதுவாக்கமாட்டேன்.

அல்லாஹ் உனக்குத் தைரியத்தைத் தரட்டும். என் மகளுக்குக் கேட்பது போலத்தான் உனக்கும் கேட்கிறேன்.

அன்று உன் பக்கத்தில் இருந்து சாப்பிட்ட,
நஸீறா