தொக்கம் எடுக்கறவர் வந்தா

மாமா,

பாப்பாவைத் தூக்கிக்கினு திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போறேன். போன் பண்ணா நீங்க எடுக்கல.

பால் தொண்டையில சிக்கிக்கிச்சு, தொக்கம் எடுத்தா சரியாயிடும்னு காலையில கத்திட்டுப் போனீங்க. நானும் சாயந்திரம் வரைக்கும் பாக்கலாம்னு இருந்தேன். இப்ப வாந்தி பச்சையா வருது. வயிறு உப்பிக்கினு கல்லாட்டம் இருக்கு. மார்ல வெச்சா வாயே திறக்கல. நர்ஸம்மாவுக்கு போன் போட்டேன். பச்சைன்னு சொன்னதுமே "ஜல்தியா கெளம்பு"ன்னுட்டாங்க.

தொக்கம் எடுக்கறவரு சாயந்திரம் வந்தா டீ போட்டுக் குடுத்து அனுப்பிடுங்க. ஊதி எடுக்க இங்க புள்ள இல்ல.

கொழம்பு அடுப்பு மேல இருக்கு, சுட வெச்சுச் சாப்பிட்டுட்டு வாங்க. பாப்பா துணியெல்லாம் கொடியில கெடக்குது, எடுத்துக்கினு வாங்க. சாவிய பக்கத்து வீட்டு சவுரியம்மாகிட்ட குடுத்துடுங்க.

கலை

இன்னொண்ணு. பாப்பா உதட்டுல வசம்பு வாசனை அடிச்சுது. உங்க அக்காதான் தடவியிருப்பாங்கன்னு போன்ல கத்திட்டேன். "சத்தியமா நான் இல்லடி"ன்னு அழுதாங்க.

அப்ப நீங்கதான். எவ்ளோ குடுத்தீங்கன்னு டாக்டருக்குத் தெரியணும். கொழம்பு கெடக்கட்டும், மொதல்ல போன் பண்ணிச் சொல்லுங்க. திட்ட மாட்டேன் மாமா.