அடைச்சாச்சு

யான் ஊர், செவ்வாய் இரவு.

மாலையில் ஜெராய் மலைப்பக்கம் இடி. இடித்தால் அம்மா வீட்டிலுள்ள எல்லா பிளக்குகளையும் பிடுங்கிவிடுவாள்.

"கேம அடைச்சிட்டியாடா?"

"அடைச்சாச்சும்மா."

எங்கள் வீட்டில் கதவு, விளக்கு, டிவி எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். நான் அடைத்தது டிவியை. கேம் பெட்டி ஆரஞ்சு விளக்கோடு உறக்கத்தில் இருந்தது. அதை முழுதாக நிறுத்தி, விளக்கு அணைந்த பிறகுதான் பிளக்கைத் தொட வேண்டும். அம்மாவுக்கு அது தெரியாது; அப்படியே பிடுங்கிவிட்டாள். மழை விட்டதும் போட்டுப் பார்த்தேன். கேமைச் சேமித்து வைத்திருந்த ஹார்ட் டிஸ்க்கைப் பெட்டி கண்டுகொள்ளவே இல்லை.

அதில்தான் அண்ணனும் நானும் கேமில் பாதி கட்டிய நகரம் இருந்தது. அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு ஜொகூருக்குப் போன அன்று, "அழிச்சிடாதடா, தீவாளிக்கு வந்து முடிப்போம்" என்றான். திரும்பி வர அவன் சொன்ன ஒரே காரணம் அது.

அம்மா கதவோரம் நின்றாள்.

"நான் பிடுங்குனதாலயா?"

"இல்லம்மா. பழசு லா அது."

நம்பவில்லை. பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அண்ணங்கிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"சொல்லாத. மொதல்ல வரட்டும்."