சீதேவி ஏறும் உயரம்

செப்டெம்பர் 6

தேற்றாத்தீவில் இரண்டு சகோதரர்களுக்கு நடுவே வேலி அளந்துவிட்டு வந்தேன். இருவருமே என்னைக் கள்ளன் என்றார்கள். நில அளவையாளருக்கு இதைவிடப் பெரிய நற்சான்று கிடையாது.

திரும்பும் வழியில் ஜீப்பின் அடிவயிறு ஒரு கல்லில் உரசியது. அந்தச் சத்தத்தோடு முடிவெடுத்தேன்: ஜீப்பை உயர்த்துவது. பழைய மிட்சுபிஷி, கீழே தட்டுத் தட்டாய் அடுக்கிய ஸ்பிரிங். அதை மாற்றினால் உடம்பு மேலே போகும், தண்ணீர் கீழே நிற்கும். யாராவது கேட்டால் தொழிலுக்கு என்று சொல்லலாம்.

தொழிலுக்கு இல்லை. போன மாசியில் நெல்வயல் வட்டைக்குப் போகும் தாம்போதியில், தெருவுக்கு மேலால் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, நடுவில் ஜீப் நின்றுவிட்டது. என் மனைவி சீதேவி பக்கத்தில் இருந்தாள். நெல் வெட்டும் தாக்கத்தியைத் துவாயில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். அந்த வட்டையில் முதல் பிடியை, புதிரை, காணிக்காரி தன் கையால் வெட்ட வேண்டும். அவள் தாய் வழியில் வந்த வழக்கம். அன்று உழவு மெஷின் வந்து எங்களைப் பின்னால் இழுத்தது. புதிரை வேலைக்காரர் வெட்டிக் கொண்டுவந்து தந்தார்கள். அவள் தாக்கத்தியைக் கழுவி வைத்தாள். வெட்டாத தாக்கத்தியை ஏன் கழுவினாள்?

செப்டெம்பர் 8

சொன்னேன்.

"எவ்வளவு உசத்தப் போறீங்க?" என்றாள் சீதேவி.

"ரெண்டு அங்குலம்."

"ஜீப்பையா, உங்களையா?"

கலியாணப் படத்தில் நாங்கள் ஒரே உயரம். புகைப்படக்காரர் எனக்கு மட்டும் ஒரு பலகை கொடுத்திருந்தார். அந்தப் பலகையை இந்த வீட்டில் யாரும் மறப்பதாயில்லை. வீடு அவளுடைய சீதனம், வட்டையும் சீதனம். எங்கள் பக்கத்து ஆண்களைப் போலவே நானும் நெடுங்கால விருந்தாளி. ஜீப் மட்டும் என் பெயரில் இருக்கிறது. அதன் உயரத்தையாவது நான் தீர்மானிக்கலாம் என்று நினைத்தேன்.

செப்டெம்பர் 15

காத்தான்குடி, மஜீட்டின் கராஜ். மஜீட் துபாயில் பல வருடம் பணக்காரரின் வாகனங்களை மணலில் ஓடுவதற்கு உயர்த்திக் கொடுத்தவர். ஊருக்கு வந்த பிறகு அந்தக் கலை த்ரீவீலர்களிடம் வீணாகிக்கொண்டிருந்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் கையைத் துடைத்துவிட்டு எழுந்தார். பெண் கேட்டு வந்தவனைப் போல என்னைப் பார்த்தார்.

"எத்தின இஞ்சி சேர்?"

"ரெண்டு."

"ரெண்டு இஞ்சி உசத்துறது இல்ல சேர். அது பெருமூச்சு உடுறது. அஞ்சு போடுவம்."

பேரம் மூன்றில் முடிந்தது. பிறகு, உயர்ந்த ஜீப்புக்குச் சின்ன டயர் "கோழிக்கால் மாதிரி இரிக்கும்" என்றார். பெரிய டயருக்கும் ஒத்துக்கொண்டேன். ஆக மூன்று மூன்றாக இல்லை. பேரத்தில் வென்றது நான் என்ற நினைவோடு வீட்டுக்கு வந்தேன்.

செப்டெம்பர் 22

ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கவில்லை. தாம்போதிக்குப் போய் லெவல் கருவியை நிறுத்தி, போன மாசி வெள்ளம் மதகுத் தூணில் விட்ட கறையை அளந்தேன். வீட்டுக்கு வந்து படம் கீறினேன்: ஜீப்பின் பக்கத் தோற்றம், காற்று இழுக்கும் குழாய், டயர், தண்ணீர் மட்டம் நீலக் கோட்டில். வாழ்நாளில் கீறிய படங்களில் இதுவே அழகானது. இதில் சகோதரர்கள் யாரும் இல்லை.

சீதேவி தேத்தண்ணி கொண்டுவந்து படத்தைப் பார்த்தாள். "நல்லா இருக்கு. ஆள்தான் ஒருத்தரும் இல்ல" என்றாள். அளவையாளர் படத்தில் ஆள் கீறுவதில்லை என்று விளக்கினேன்.

ஒக்டோபர் 5

விதைப்பு. குருக்கள்மடத்துத் துறையில் பாதை ஏறினோம். வெளியூர்க்காரருக்குப் பாதை என்றால் நடப்பது. எங்களுக்கு அது வாவியைக் கடக்கும் மிதவை. சீதேவியைக் கண்டதும் பாதைக்காரர் முன்னுக்கு இடம் விட்டார். முப்பது வருடம் பிரசவம் பார்க்கும் குடும்பநல மாதுவாக இருந்தவள். அக்கரையில் மீசை வைத்த ஆம்பிளைகள் பாதிப்பேரை அவள் காலில் பிடித்துத் தலைகீழாகத் தூக்கியிருக்கிறாள். அவர்களும் அந்த மரியாதையை மறக்கவில்லை.

வயல் குடிலான வாடியில் உட்கார்ந்து எழும்பும்போது வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்டுமில்ல" என்றாள். அவளுடைய ஒன்றுமில்லைகளுக்குத் தனியாக ஒரு அளவு இருக்கிறது. இது நடுத்தரம்.

ஒக்டோபர் 19

கொழும்பிலிருந்து ஸ்பிரிங் வந்தது. சீதேவி இன்று கோழிக் கறி வைத்தாள். இரண்டுக்கும் தொடர்பில்லையாம்.

ஒக்டோபர் 26

முடிந்தது. முதல் ஓட்டத்தில் ஜீப் புல்லைக் கண்ட மாடு போல ஓரம் தேடியது. மஜீட் அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் சின்ன ஆப்பு வைத்துத் திருத்தினார். அதன் பிறகு நேரே வந்தது.

என்ன காட்சி! மதில்களுக்கு மேலால் ஊர் தெரிகிறது. பிரதான வீதியில் இத்தனை வருடம் போய்வந்தும் இன்னாருடைய வளவில் இத்தனை மாதுளை இருப்பதை நான் அறியவில்லை. அரசர்கள் ஏன் யானையில் போனார்கள் என்பது விளங்கியது.

வீட்டு வாசலில் ஹோர்ன் அடித்தேன். சீதேவி வந்தாள். சுற்றிப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு — நான் பார்த்தேன், இருந்தது. இடப்பக்கக் கதவைத் திறந்தாள். வலது காலைத் தூக்கினாள். கால் பாதியில் நின்றது. கையால் எதையோ தேடினாள். பிடிக்க ஒன்றுமில்லை. காலைக் கீழே வைத்தாள்.

"எனக்கு ஏற ஏலா."

கதவை மெதுவாகச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டாள்.

முன்னே அந்தப் பக்கத்தில் ஒரு கைபிடி இருந்தது. ஜிபிஎஸ் கருவியைப் பூட்டுவதற்காக அதைக் கழற்றியது யார்? நான்தான். தண்ணியை அளந்தாய், டயரை அளந்தாய், மதகில கிடந்த ஊத்தையையும் அளந்தாய் — மடையா, அவள்ட காலை ஆர் அளக்கிறது? ஆருக்காக உசத்தினாய் இதை?

ஒக்டோபர் 27

யானை அரசனுக்காக மண்டியிடும். மிட்சுபிஷிக்கு அந்தப் பண்பு இல்லை.

காலையில் பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுபோய் ஜீப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் கதிரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இறங்கிற இடத்தில கதிரைய ஆரு வைக்கிறது?"

"நான்தான். பின்னால போட்டுக் கொண்டுவருவன்."

"ஊர்வலம் போறதுக்கு நான் அம்மனா? கொண்டுபோய் வைங்க உள்ளுக்கு."

மஜீட்டுக்கு போன் எடுத்தேன். "சேர், ஒங்கட படத்துல தண்ணி இரிந்த, டயர் இரிந்த. மெடம் இல்லயே" என்றார். கைபிடி இருந்த தகரம் உக்கிப்போயிருப்பதால் புதுத் தகடு ஒட்டித்தான் பூட்டலாமாம். ஆனால் மகள் நஸ்ஹாவுக்குக் கலியாணம். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் அங்கேயும் கலியாணம் இல்லை. மேல்மாடி முடியும்வரை கராஜுக்குப் பூட்டு. "வேற ஆருட்டயும் குடுத்துராதீங்க சேர், கெடுத்துப் போடுவானுகள்."

வேறு இடத்தில் கொடுக்கலாம்தான். ஆனால் பாதி வைத்தியத்தில் வைத்தியரை மாற்றக்கூடாது என்பது சீதேவி இந்த மாவட்டத்துக்கே சொல்லிக்கொடுத்த பாடம்.

நவம்பர் 9

சீதேவி வட்டைக்குப் போனாள். துறைவரை நடை, பாதை, அங்கால் யாரோ ஒருவரின் உழவு மெஷின் பெட்டி. வந்து முழங்காலுக்கு எண்ணெய் போட்டாள். நான் போட்டுவிடவா என்றேன். "மறுகா" என்று பிறகுக்குத் தள்ளிவிட்டாள். வீட்டில் சமாதானம் நிலவுகிறது. ஐக்கிய நாடுகள் மேற்பார்வை செய்யும் வகையான சமாதானம்.

நவம்பர் 24

மழை. மழை. மழை.

நவம்பர் 29

மழை விட்டதும் தனியாகப் போனேன். தாம்போதியில் தண்ணீர் சரியாக நான் கீறிய நீலக் கோட்டில் நின்றது. முதல் கியரில் இறக்கினேன். ஜீப் ஒருமுறைகூட இருமவில்லை. மறுகரையில் ஏறி நின்று திரும்பிப் பார்த்தேன். நினைத்தது நினைத்தபடி நடப்பது என் வாழ்க்கையில் அபூர்வம். கைதட்ட வேண்டியவளின் ஆசனத்தில் என் குடை இருந்தது.

வட்டை விதானை சாமித்தம்பி வரம்பில் நின்றார். வட்டைக்குத் தண்ணீர் பங்கிடும் அதிகாரி அவர். ஆனால் அவர் தாராளமாகப் பங்கிடுவது பேச்சு.

"எங்க அக்கா?"

"வரல்ல."

"உசரம் கூடக் கூட ஆள் குறையும் போல" என்று ஜீப்பைத் தட்டிக் கொடுத்தார்.

டிசெம்பர் 14

தீர்மானித்துவிட்டேன். மஜீட் கராஜைத் திறந்ததும் பழைய ஸ்பிரிங்கையே திருப்பிப் போடச் சொல்வது. சாப்பாட்டின்போது சீதேவியிடம் சொன்னேன். தியாகம் செய்பவனின் குரலில்தான் சொன்னேன், ஒத்திகையும் பார்த்திருந்தேன்.

"உசத்தினதைப் பதிக்க ஒண்ணா" என்றாள். "பதிச்சா மாசித் தண்ணிக்கு என்ன செய்யிற?"

"நீ ஏறாட்டி எனக்கு என்னத்துக்கு உசரம்?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "என்னை நினைச்சுத்தான் உசத்தினீங்க. அது எனக்கு அண்டைக்கே தெரியும். என்னை நினைச்சீங்க, என்னைக் கேக்கல்ல. அவ்வளவுதான்."

பிறகு என் சோற்றுக் கோப்பையில் இன்னொரு மீன்துண்டைப் போட்டாள். தீர்ப்புக்கும் மீனுக்கும் என்ன தொடர்பு என்று இம்முறை நான் கேட்கவில்லை.

எண்ணெய் போட்டுவிட்டேன்.

ஜனவரி 18

இன்று காலை பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். ஜீப்பின் கதவு சாத்தும் சத்தம். கள்ளனோ என்று ஓடினேன். சீதேவி உள்ளே இருக்கிறாள். என் ஆசனத்தில். வலப்பக்கத்தில்.

"எப்பிடி ஏறின நீ?"

"இஞ்சால பிடிக்க ஸ்டியரிங் கிடக்கு. இந்தப் பக்கத்தால ஏறினா இடது கால்தான முதல் போகும். அது நல்ல கால்."

இரண்டு பக்கக் கதவும் ஒரே உயரம். ஆனால் ஒரே ஏற்றம் இல்லை. இதை எந்தக் கருவியால் அளப்பது?

"சரி, இறங்கு. கவனம்."

"ஆரு இறங்கிற? திறப்பைத் தாங்க."

வேலையில் இருந்த காலத்தில், சாரதி காய்ச்சல் என்று படுத்த நாட்களில், கிளினிக் ஜீப்பை ஓட்டிக்கொண்டு அக்கரையெல்லாம் போனவள் அவள். லைசன்ஸ் இன்னும் இருக்கிறது. என் ஜீப்பின் கியர்ப் பெட்டி என் கையை மட்டும்தான் மதிக்கும் என்று நான் ஆதியிலேயே சொல்லிவைத்திருந்தேன். அதை அவள் நம்பியதாகத்தான் இதுவரை நம்பியிருந்தேன்.

திறப்பைக் கொடுத்தேன். கியர்ப் பெட்டி மூச்சுக்கூட விடவில்லை. துரோகி.

ஜனவரி 26

களுவாஞ்சிக்குடிவரை போய் வந்தோம். பிரேக்கை நான் இடப்பக்கத்திலிருந்து மிதித்துக்கொண்டே போனேன். அந்தப் பக்கத்தில் பிரேக் இல்லை.

பெப்ரவரி 11

விடியச் சாமித்தம்பி போன் எடுத்தார், எனக்கு அல்ல, அவளுக்கு. "அக்கா, ராவு மழையில தாம்போதி ஏறிட்டு. புதிரை நாங்க வெட்டிக் கொண்டு வாறமே?"

"வெட்டிப் போடாத. நான் வாறன்."

தாக்கத்தி, துவாய், புது ஓலைப் பெட்டி. துவாயில் சுற்றிய தாக்கத்தி இம்முறை என் மடியில்.

பாதைக்குள் அவளே ஜீப்பை ஏற்றினாள். பாதைக்காரர்கள் கயிற்றை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அக்கரையில் அவள் ஓட்டி இறக்கினாள். நான் நடந்து வந்தேன். பிறகு நான் ஏற வேண்டும். வீட்டில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஜீப்பை நிறுத்தி ஏறிப் பழகியிருந்தேன். துறையில் படிக்கட்டு இல்லை. காலைத் தூக்கினேன். கையால் தேடினேன். பிடிக்க ஒன்றுமில்லை. ஒக்டோபரில் அவள் தேடிய அதே வெற்றிடத்தை என் கை தேடியது.

பாதைக்காரர் ஒருவர் பின்னால் வந்து, "சேர், மூச்சப் பிடிங்க" என்று இரண்டு கையாலும் தள்ளினார். அவரும் சீதேவியின் கையில் பிறந்தவராகத்தான் இருக்க வேண்டும். உலகத்துக்குள் ஒருவரை எப்படிக் கொண்டுவருவது என்று தெரிந்திருந்தது.

தாம்போதியில் தண்ணீர் கலங்கி ஓடியது. நீலக் கோட்டுக்கு மேலே ஒரு விரல். நான் வாயைத் திறந்தேன்: "முதல் கியர்... கிளச்சை மட்டும்—"

"பறையாம இருங்க."

இருந்தேன். அவள் நிறுத்தவில்லை, வேகம் கூட்டவுமில்லை. பிரசவ அறையில் அவள் முகம் இப்படித்தான் இருந்திருக்கும். போன வருடம் நின்ற இடத்தைத் தாண்டினோம். அங்கே அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். நான் தாக்கத்தியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தேன். கண்ணில் ஏதோ விழுந்திருந்தது, தண்ணீராக இருக்கலாம்.

முதல் பிடியை வெட்டினாள். குனியும்போது முழங்காலைப் பிடித்தாள். நான் தோளைக் கொடுத்தேன். சாமித்தம்பி பெட்டியைப் பிடித்துக்கொண்டு, "சேருக்கு இப்ப என்ன வேலை?" என்று கேட்டார்.

"தாக்கத்தி காவுற" என்றேன், சுமந்து வந்தவனின் பெருமையோடு.

வீட்டுக்கு வந்து தாக்கத்தியைக் கழுவினாள். கதிர்கள் சாமி அறையில் தொங்குகின்றன.

மார்ச் 8

மஜீட்டின் மகளுக்கு மேல்மாடி முடிந்து, கலியாணமும் முடிந்தது. கராஜ் திறந்தாயிற்று. மஜீட் புதுத் தகட்டை வெட்டி வைத்துவிட்டு, கைபிடியோடு சீதேவியிடம் போனார்.

"வாங்க மெடம், ஒங்கட கை எட்டுறத்துக்கு அளந்து போடுவம்."

"எனக்கு என்னத்துக்கு? அவரை அளங்க" என்றாள் சீதேவி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்துகொண்டே.

இடப்பக்கக் கதவடியில் நின்று கையை உயர்த்தினேன். மஜீட் சோக்கட்டியால் ஒரு கோடு போட்டார். பார்த்தேன். இன்னும் கொஞ்சம் கீழே பதித்துப் போடச் சொன்னேன்.