நாய்க்குட்டிக்கு ஓர் ஒப்பாரி

யார்க், மார்ச் 1718

கவிராயரே,

கணவரென்று அழைக்க வாய் வரவில்லை.

லண்டனில் நீங்கள் அச்சிட்ட கவிதைத் தொகுப்பு இங்கேயும் வந்துவிட்டது. நேற்றுப் பாதிரியாரின் மனைவி அதைக் கையோடு கொண்டுவந்தாள். "உங்க மனசு கொஞ்சம் லேசாகட்டும். செத்த நாய்க்கு உங்க வீட்டுக்காரர் பாடின ஒப்பாரியைக் கேளுங்க, சிரிச்சுச் சிரிச்சு வயிறு புண்ணாயிடும்" என்று உரக்க வாசித்தாள்.

அது நான் எழுதியது. நம் லெட்டிஸ் அம்மை கண்டு இறந்தபின் எழுதி, உங்களுக்கு மட்டும் அனுப்பியது.

மகளை நாய்க்குட்டியாக்கினீர்கள். தொட்டிலை மெத்தையாக்கினீர்கள். சவப்பெட்டியை மூடுமுன் அவள் முடியில் நான் கட்டிய நீல ரிப்பனை நாயின் கழுத்தில் கட்டினீர்கள். அங்கே இப்போது நாய்க்கும் கிளிக்கும் பாடினால்தான் மதிப்பாமே! அடக்கத்துக்கு வரமுடியாதபடி பாதையெல்லாம் சேறு என்று எழுதினீர்கள். அச்சகத்துக்குப் போகும் பாதை மட்டும் காய்ந்திருந்ததா?

"சிரிப்பு வருதில்ல?" என்றாள் அவள். நானும் சிரித்தேன். என்னை அப்படிச் சிரிக்க வைத்ததை மன்னிக்கவே மாட்டேன்.

இன்று காலை கல்தச்சன் வந்தான். "கல்லறையில எந்த வரியை வெட்டணும்மா?" என்று கேட்டான். அந்தக் கவிதையின் கடைசி இரண்டு வரிகளை அதற்காகத்தான் வைத்திருந்தேன். இனி அவற்றை வெட்டினால், ஞாயிறுதோறும் ஊரே என் குழந்தையின் தலைமாட்டில் நின்று சிரிக்கும். பெயர் மட்டும் போதும் என்றேன்.

"இன்னார் மகள்னு அப்பா பேரைப் போடுறது வழக்கமாச்சே?"

"அவர் பெயர் ஏற்கெனவே அச்சாகிவிட்டது" என்று சொல்லி அனுப்பினேன்.

இப்படிக்கு,
அவளைப் பெற்றவள்